யாருக்கு அறுபது?

ரயில் சிநேகம் என்று ஒரு வார்த்தை தமிழிலே வழங்கி வருகிறது. ரயிலில் ஏறியவுடன் உண்டாகி, இறங்கியவுடன் மறைந்து போகும் சிநேகத்துக்கு அந்தப் பெயர். இந்த வார்த்தையை உண்டாக்கியவர் யாராயிருந்தாலும், காட்பாடியிலிருந்து ஆம்பூருக்குத் தினந்தோறும் பாஸஞ்சர் வண்டியில் போய் வந்தவர் அல்ல என்பது நிச்சயம்.

லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சக்குப்பம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு செல்லும் வண்டி அது. ஆம்பூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவதற்காக நாம் அதில் ஏறத் தொடங்கி இருபது வருஷங்கள் ஆகின்றன. அந்த வண்டியில் நமக்கு மூன்று சிநேகிதர்கள் வாய்த்தார்கள். ஒருவர் தபாலாபீஸ் உத்தியோகஸ்தர். இன்னொருவர் தோல் மண்டியில் கணக்கு எழுதும் பாய். மூன்றாமவர்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர், மேல்பட்டியில் ஏறுகிறவர். டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒரு தோலை மேஜைமேல் விரித்து, கண்ணால் ஒரு பார்வை, விரலால் ஒரு தடவல். இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இந்த இடத்தில் உண்ணி கடித்த வடு என்று சொல்லிவிடுவார். முப்பத்தைந்து வருஷ காலம் அவர் தடவிப் பார்த்த தோல்கள் கடல் கடந்து போயின. அவர் மட்டும் மேல்பட்டிக்கும் ஆம்பூருக்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தார்.

2015-ம் வருஷத்தில் ஒரு நாள், சிக்னல் கிடைக்காமல் வண்டி வெகு நேரம் நின்றுவிட்டது. அப்போது தபாலாபீஸ் நண்பர் ஒரு யோசனை சொன்னார்: "நம் நால்வரில் மூத்தவருக்கு அறுபது நிறைகிற வருஷம் எல்லோருமாகச் சேர்ந்து ஆகாய விமானத்தில் ஒரு வெளிநாடு போய் வந்தால் என்ன?" வண்டி நகராத வேளையில் விமானத்தைப் பற்றி நினைப்பது மனித சுபாவந்தானே! அன்றே சீட்டுப் போட்டோம். தலைக்கு மாதம் 500 ரூபாய். 2020 மார்ச்சில் கொள்ளை நோயினால் ரயில்கள் நின்றன, சீட்டு நிற்கவில்லை. பத்து வருஷம் முடிந்தபோது ஆளுக்கு 60,000 ரூபாய் சேர்ந்திருந்தது.

நமது நண்பர் பிறந்தது விசுவாவசு வருஷம், ஆவணி மாதம், அதாவது 1965. பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது வருஷங்களும் ஒரு சுற்றுச் சுற்றி, 2025 ஏப்ரலில் அதே விசுவாவசு மறுபடியும் பிறந்தது. ஆவணியில் பிரயாணம் என்று தீர்மானித்தோம். அங்கேதான் தகராறும் பிறந்தது.

தோல் போன தூரம்

தகராறு இன்னதென்று சொல்லுவதற்குமுன் எங்கள் பக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தோலே பிழைப்பு. 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவுக்குப் போயின. ஜில்லா பிரிந்ததே தவிர, தொழில் பிரியவில்லை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போகும். அங்கே அதை மெருகேற்றிச் செருப்பும் பையும் செய்து லாபத்தை எடுத்துக்கொள்வார்கள். கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 1973-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் கட்டுப்பாடு விதித்தார்கள். முழுதாகப் பதனிட்ட தோல், பிறகு முழு ஷூ என்று நம்மவர்கள் படிப்படியாக ஏறியது அதன் பின்புதான். இன்று ஐரோப்பாவில் நடக்கும் கால்களில் எத்தனையோ கால்களை ஆம்பூர் தாங்கிக் கொண்டிருக்கிறது. இந்தத் தொழிலால் பாலாறு பட்ட பாட்டையும், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பையும் பற்றிச் சொல்லப் புகுந்தால் அது தனிக் கட்டுரையாகும். நிற்க.

ஆக, எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்பது கேட்டறியாத சமாசாரம் அல்ல. இத்தாலியிலும் ஹாங்காங்கிலும் கூடும் தோல் கண்காட்சிகளுக்கு முதலாளிமார்கள் அடுத்த தெருவுக்குப் போவதுபோல் போய் வருகிறார்கள். தோல் போகிறது, ஷூ போகிறது, முதலாளி போகிறார். தோலைத் தடவிப் பார்த்தவரும் ஷூவைத் தைத்தவரும் போவதுதான் அபூர்வம்.

இந்த இடத்தில் நண்பரின் மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாம் அவரை அண்ணி என்று அழைப்பது வழக்கம். அண்ணியும் தோல் தொழிலைச் சேர்ந்தவரே. ஆனால் கம்பெனி வாசலை அவர் மிதித்ததில்லை. அவருக்கு வீட்டுத் திண்ணையே கம்பெனி. அப்பர் தைப்பது அவருக்கு வேலை. அப்பர் என்றவுடன் நேயர்கள் திருநாவுக்கரசு சுவாமிகளை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஷூவின் அடிப்பாகம் போக, காலை மூடும் மேல் தோலுக்கு எங்கள் பக்கத்தில் அப்பர் என்று பெயர். வெட்டிய தோல்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டு வந்து போடுவார்கள். திண்ணையில் ஏழெட்டு ஸ்திரீகள் வட்டமாக உட்கார்ந்து, கெட்டி நூலை இரண்டு கைகளாலும் இழுத்து இழுத்துத் தைப்பார்கள். நூல் அறுக்காமலிருக்க விரல்களில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொள்வதுண்டு. இருபது வருஷ காலம் அண்ணி இப்படித் தைத்தார். ஒரு ஜோடிக்கு அவருக்குக் கிடைத்த கூலி எந்தக் காலத்திலும் இரண்டு இலக்கத்தைத் தொடவில்லை. அந்தக் கூலியில்தான் மகளுடைய கல்யாணச் செலவில் பாதியும், மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன செலவில் பாதியும் நடந்தன.

பங்காளிச் சண்டை

"மலேயாவில் ஏழு நாள், நாம் நால்வர்" என்று நாங்கள் திட்டம் போட்டிருந்தோம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாமலே கதவைத் திறந்து விட்டிருந்ததால் வேலை சுலபமாயிற்று. அப்போது சென்னையிலிருந்து நண்பரின் மகள் டெலிபோன் செய்தாள்.

"அப்பா, அறுபது என்றால் அது உங்களுக்கு மாத்திரமா? அம்மா விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. தம்பியைப் பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்று. சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊர் வரையில் போய்விட்டு, அவனைப் பார்க்காமல் சிநேகிதர்களோடு ஊர் சுற்றிவிட்டு வருவீர்களா?"

மகன் அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். மற்றத் தொழிலாளிகளோடு விடுதி வாசம். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு.

நண்பர் மறுநாள் ரயிலில் வாட்டமாக ஏறினார். "நீங்கள் மூன்று பேரும் பத்து வருஷம் பணம் கட்டியிருக்கிறீர்கள். அவளோ நாற்பது வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறாள். நான் யாருக்குக் கடன்காரன்?" என்றார்.

தபாலாபீஸ் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "குடும்பத்தோடு போவதற்குத் திருக்கடையூர் இருக்கிறது. ஊருக்கு ஊர் அங்கே போய்த்தானே அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்? அண்ணியை அங்கே அழைத்துப் போங்கள். வெளிநாடு நமக்கு. அண்ணியைப் பின்னால் ஒரு சமயம் அழைத்துப் போகலாம்" என்றார்.

பாய் அதுவரையில் பேசாதிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கள் வீட்டில் பிறந்த நாள் கொண்டாடும் வழக்கமில்லை. முதல் வெளிநாட்டுப் பிரயாணம் ஹஜ்ஜுக்குத்தான் என்று வைத்திருந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அதை முடித்தேன். முதலில் தனியாகப் போகத்தான் எண்ணம். 'அவளைப் பின்னால் அழைத்துப் போகிறேன்' என்று என் தாயாரிடம் சொன்னேன். 'பின்னால் என்கிற ஊருக்கு யாரும் போய்ச் சேர்ந்ததில்லை' என்றார்கள். சேர்ந்தே போனோம். அண்ணியை விட்டுவிட்டு நான் வரமாட்டேன்."

இரண்டு பேரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். உபாத்தியாயர் என்றால் எந்த வழக்குக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் என்பது ஊர் வழக்கம். நாம் ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் புஸ்தகங்களைப் புரட்டினோம்.

பெரியவர்கள் போன வழி

பிறந்த நாளை அயல்நாட்டில் கழித்த பெரியவர்களில் நம் நினைவுக்கு முதலில் வந்தவர் ரவீந்திரநாத தாகூர். 1924 மே மாதத்தில், அறுபத்து மூன்று வயது நிறைந்த சமயம், அவர் சீனாவில் பீகிங் நகரில் இருந்தார். உடன் இருந்தவர்கள் ஓவியர் நந்தலால் போஸ், பண்டிதர் க்ஷிதிமோகன் சேன், சரித்திரக்காரர் காளிதாஸ் நாக் முதலிய நண்பர்கள். சீன அன்பர்கள் அவருடைய 'சித்ரா' நாடகத்தை நடித்துக் காட்டி, அவருக்கு ஒரு சீனப் பெயரும் சூட்டிக் கொண்டாடினார்கள். அது சிநேகிதர்களின் பிறந்த நாள். எட்டு வருஷங்களுக்குப் பின், 1932-ல், பாரசீகத்தின் அழைப்பை ஏற்று விமானத்தில் புறப்பட்டார். அந்த மே மாதத்துப் பிறந்த நாளை டெஹ்ரானில் கொண்டாடினார்கள். அப்போது அவருக்கு எழுபத்தொன்று நிறைந்திருந்தது. இந்தத் தடவை நண்பர்களோடு மருமகள் பிரதிமா தேவியும் கூட இருந்தார். ஆகவே கவியரசர் இந்த வழக்கை எட்டு வருஷ இடைவெளி விட்டுத் தீர்த்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஆனால் உலகமே அழைக்கும் கவிக்கு இரண்டு பயணம் கிடைக்கும். மேல்பட்டிக்காரருக்கு ஒன்று கிடைப்பதே பெரிது.

இரண்டாவதாக நினைவுக்கு வந்தது நம் நாட்டுக் கதை. 1973 டிசம்பர் 24-ந் தேதி நம் வேலூர் ஆஸ்பத்திரியில் காலமான ஈ. வெ. ராமசாமிப் பெரியாருக்கு 1929 செப்டம்பரில் ஐம்பது வயது நிறைந்தது. அந்த வருஷ டிசம்பரில் அவர் மலேயாவுக்குக் கப்பலேறினார். நண்பர்களோடு மனைவியார் நாகம்மையாரும் சென்றார். அது பிறந்த நாள் பிரயாணம் அல்ல, பிரசாரப் பிரயாணம். ஆனாலும் ஐம்பது வயதில் கணவனும் மனைவியும் சேர்ந்து கடல் கடந்தார்கள். பிறகு 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அப்போது உடன் சென்றவர்கள் எஸ். ராமநாதன் முதலிய நண்பர்களே. அம்மையார் ஊரில் இருந்து வீட்டையும் இயக்க வேலைகளையும் கவனித்துக்கொண்டார். ருஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து எல்லாம் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் பெரியார் திரும்பினார். 1933 மே 11-ந் தேதி நாகம்மையார் காலமானார். இடையில் இருந்தவை ஆறே மாதங்கள்.

இந்தக் கதையை மறுநாள் ரயிலில் சொன்னோம். யாரும் பேசவில்லை. பச்சக்குப்பம் தாண்டியபோது தபாலாபீஸ் நண்பர், "அண்ணியையே கேட்டுவிடலாமே" என்றார். பத்து நாளாக நடந்த வழக்கில் இது ஒருவருக்கும் தோன்றாமல் போன யோசனை என்பதை இங்கே வெட்கத்துடன் பதிவு செய்கிறோம்.

மூன்று பிறந்த நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மேல்பட்டிக்குப் போனோம். அண்ணி காப்பி கொடுத்துவிட்டு, விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இதற்கா இத்தனை பஞ்சாயத்து, வாத்தியார் தம்பி? அவருக்குத்தான் இரண்டு பிறந்த நாள் இருக்கிறதே! இங்கிலீஷ் தேதி ஒன்று, நட்சத்திரம் ஒன்று. இந்த வருஷம் இரண்டுக்கும் நடுவே நாலு நாள் இருக்கிறது. தேதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள்."

எத்தனை தர்க்க சாஸ்திரம் படித்தாலும் இப்படி ஒரு தீர்ப்பு நமக்கு வந்திருக்காது. தமிழனுக்கு இரண்டு பிறந்த நாள் என்பது நமக்குத் தெரியாததல்ல. உண்மையில் அவனுக்கு மூன்றாவதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது போதாமல் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் பழைய தலைமை ஆசிரியர்கள் ஒரு ஜூன் மாதத் தேதியைத் தாமே தானம் செய்வது வழக்கம். நண்பரின் பாஸ்போர்ட்டில் இருப்பதும் அந்தத் தேதிதான். எங்களுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிரயாண ஏஜெண்டு, ஜூன் மாதத்தில் அவருக்கு ஜன்ம தின வாழ்த்து அனுப்பி வைத்தார். அந்தத் தேதியில் பிறந்தவர் உலகத்தில் யாராவது இருந்தால் அவருக்கு அந்த வாழ்த்துச் சேரட்டும்.

ஆனால் அண்ணிக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது வேறு விதமான சங்கடம் வந்தது. ஆதார் அட்டையில் 1969 ஜனவரி முதல் தேதி என்று இருந்தது. வருஷத்தை மட்டும் சொல்லியிருந்தால் அப்படிப் போட்டு விடுவார்களாம். "மெய்யான தேதி எது?" என்று கேட்டோம்.

"யாருக்குத் தெரியும்? காணும் பொங்கலுக்கு இரண்டொரு நாள் முன்பின்னாக என்று அம்மா சொல்லுவாள். நட்சத்திரம் குறித்து வைக்கவில்லை. பெண் பிள்ளைதானே!"

கணவனுக்கு மூன்று பிறந்த நாட்கள்; மனைவிக்கு ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தில் ஜனவரி முதல் தேதியையே எழுதினோம். எழுதும்போது நம் பேனா சற்றுத் தயங்கியது.

தேதியும் நட்சத்திரமும்

ஆவணியில் நாங்கள் நால்வரும் சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்தோம். ஏறக்குறைய நான்கு மணி நேரம். காட்பாடி வண்டி சில நாட்களில் சிக்னலுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது ஒன்றும் அதிகமில்லை. இங்கிலீஷ் தேதியன்று பத்துமலைக்குப் போனோம். 2006-ல் அங்கே எழுப்பிய முருகன் சிலை 140 அடி உயரம். அதன் அருகிலிருந்து 272 படிகள் ஏறினால் குகைக் கோயில். அறுபது வயதுக்காரர் எல்லோருக்கும் முன்பாக ஏறிவிட்டார். நாற்பத்தாறு வயதுக்காரராகிய நாம் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். அன்று இரவு ஒரு சாப்பாட்டுக் கடையில், பத்து வருஷத்துச் சீட்டுக் கணக்கு நோட்டைப் பாய் வெளியே எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் வாசித்தார். எந்த மாதம் யார் கட்டத் தாமதித்தார்கள், ஏன் தாமதித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு மாதத்தில் 'மகள் பிரசவம்' என்றும், ஒரு மாதத்தில் 'தகப்பனார் தவறினார், மூவரும் சேர்ந்து கட்டியது' என்றும் எழுதியிருந்தது. பிறந்த நாள் பரிசாக அதைவிடச் சிறந்த புஸ்தகத்தை நாம் பார்த்ததில்லை.

பிறகு பஸ்ஸில் தெற்கே வந்து, 1924-ல் திறந்த ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரை அடைந்தோம். அண்ணியும் மகளும் விமானத்தில் நேராக அங்கே வந்திருந்தார்கள். அண்ணியின் விமானச் செலவை நண்பர் தமது கிராஜுவிட்டிப் பணத்திலிருந்து கொடுக்க வந்தார். அண்ணி வாங்கவில்லை, அப்பர் தைத்துச் சேர்த்த பணம் தபாலாபீஸில் இருந்தது.

நட்சத்திர நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. சிராங்கூன் சாலை முழுவதும் ஓய்வு நாள் தொழிலாளிகள். காதில் விழுந்ததெல்லாம் தமிழ். 1855-ல் ஏற்பட்ட ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அர்ச்சனை நடந்தது. மேளம் இல்லை, புரோகிதர் கூட்டம் இல்லை. இரண்டு மாலைகள் மாத்திரம். மகன் ஒரு மாலையை எடுத்துக் கொடுத்தபோது, தகப்பனாரின் கைகள் நடுங்கின. பாய் வாசலில் நின்றார். "தோலைப் பற்றித் தெரிந்தவன் காவல் இருந்தால்தான் செருப்புப் பத்திரமாக இருக்கும்" என்று அவரே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பேட்டைக்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. எருமைத் தொழுவம் என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் அங்கே அமோகமாக நடந்தது. இதைக் கேட்டதும் நமது நண்பர் சொந்த ஊருக்கு வந்துவிட்டவர்போல் குதூகலம் அடைந்தார்.

பிற்பகலில் பெரிய கடைகள் நிறைந்த ஆர்ச்சர்டு சாலைக்குப் போனோம். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் வேகமாக நடந்துகொண்டிருந்தோம். அண்ணி மட்டும் ஒரு ஷூக் கடையில் நின்றுவிட்டார். ஆண்கள் அணியும் ஒரு மொக்காஸின் ஷூவைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மெஷின் இல்லை, கைத்தையல்" என்றார். விரல் நகத்தால் தையல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "நன்றாகத்தான் தைத்திருக்கிறாள். இந்த வளைவில் மாத்திரம் ஒரு தையல் தளர்ந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்கு விரல் வலித்திருக்கும்."

அதைத் தைத்தவள் எந்த ஊரோ, எந்த நாடோ. 'அவள்' என்றே அண்ணி பேசினார். பிறகு விலைச்சீட்டைப் பார்த்தார். மகளிடம் டாலருக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டார். மனக்கணக்காகப் பெருக்கினார். தமக்குக் கிடைத்த கூலியால் அதை வகுத்தார் என்பது அவர் உதடு அசைந்ததிலிருந்து நமக்குத் தெரிந்தது. கணக்கு வாத்தியாரான நாம் அந்த விடையைச் சரி பார்க்கத் துணியவில்லை. ஷூவை எடுத்த இடத்திலேயே, குதிகால் பக்கம் சரியாகச் சேரும்படி ஜோடியாக வைத்துவிட்டு வெளியே வந்தார்.

முப்பத்தைந்து வருஷம் தோல் தடவிய நமது நண்பர் கடை வாசலில் நின்று, அந்த ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவள் தைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்துகொண்டு தைத்தாள் என்று தெரியாது" என்றார்.

அன்று இரவே நாங்கள் மூவரும் விமானம் ஏறினோம். நண்பரும் அண்ணியும் மகளும் இன்னும் மூன்று நாள் மகனோடு இருந்துவிட்டு வந்தார்கள். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று நாம் கேட்கவில்லை. அது நட்சத்திரத்தின் பங்கு.

புதிய சீட்டு

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் மேல்பட்டிக்குப் போயிருந்தோம். திண்ணையில் தைக்கும் கூட்டம் கூடியிருந்தது. அண்ணி இப்போது கண் பார்வை குறைந்ததால் தைப்பதில்லை; ஆனாலும் நடுவில் உட்கார்ந்து சிங்கப்பூர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருத்தி நம்மைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் சார், ஆம்பிளைக்கு அறுபது ஆனால் அறுபதாம் கல்யாணம் பண்றாங்க. பொம்பிளைக்கு அறுபது ஆனால் என்ன பண்ணுவாங்க?"

நாம் பல பரீட்சைகளுக்கு விடை எழுதியவர். பல பரீட்சைகளுக்குக் கேள்வி தயாரித்தவர். இந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. மனைவிக்கு மாலை விழுகிறது, தாலி இரண்டாந் தடவை ஏறுகிறது. எல்லாம் கணவனுடைய வயதை வைத்துத்தான். அவளுக்கு அறுபது நிறைகிற நாள் மற்ற நாட்களைப்போல் அடுப்படியிலேயே போய்விடுகிறது. சிநேகிதர்களுக்கு எத்தனை நாள், குடும்பத்துக்கு எத்தனை நாள் என்று நாங்கள் பத்து நாள் வழக்காடினோமே, அப்போதுகூட அண்ணியை நாங்கள் குடும்பக் கணக்கில்தான் எழுதினோம். அவருக்கும் சிநேகிதிகள் உண்டு என்பதும், அவர்கள் இருபது வருஷமாக இந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் எங்கள் புத்தியில் படவில்லை. எங்கள் சிநேகம் ரயிலில் ஓடிற்று, ஆகையால் ஊர் அறிந்தது. அவர்கள் சிநேகம் உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

அண்ணி நம்மிடம் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை நீட்டினார். "வாத்தியார் தம்பி, உங்கள் கையால் முதல் பக்கத்தில் பெயர்களை எழுதிக் கொடுங்கள்."

ஏழு பெயர்கள். தலைக்கு மாதம் 300 ரூபாய். அதில் ஐந்து பேர் அப்பர் தைக்கிறவர்கள். இரண்டு பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். எந்த ஊர் என்று தீர்மானம் இல்லை. கடல் தாண்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் தீர்மானம். பணம் போதாவிட்டால் இலங்கை வரையிலாவது போவார்களாம்.

"நாள் என்றைக்கு?" என்று கேட்டோம்.

"எனக்குத்தான் தேதியும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. அதனால் சௌகரியமான நாளாகப் பார்த்து நானே வைத்துக்கொள்வேன். 2029, தை மாதம்" என்றார்.

நமது நண்பர் உள்ளேயிருந்து வந்தார். "நான் எந்தப் பக்கத்தில் வருகிறேன்? சிநேகிதத்திலா, குடும்பத்திலா?" என்று கேட்டார்.

"நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் அண்ணி.

நாம் ஏழு பெயர்களையும் எழுதி, எதிரே முதல் மாதத்து 300 ரூபாயைக் குறித்துக் கொடுத்துவிட்டு, மாலை வண்டியைப் பிடித்தோம்.